மூலிகையிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்தெடுக்கும் முறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கஷாயம் போடுபவர்கள், கல்லூரியில் மூலிகைப் புராஜெக்ட் செய்பவர்கள், சிறு தொழில் தொடங்க நினைப்பவர்கள் என்று பல தரப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இது மருத்துவ ஆலோசனைப் பக்கம் அல்ல. எந்த நோய்க்கு எதைக் குடிக்கலாம் என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

இருக்கிற முறைகளில் எது சிறந்தது?

இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் கிடையாது. முதலில் செடியின் பெயரையும், அதிலிருந்து எந்தப் பொருள் வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: அந்தப் பொருள் எதில் கரையும்? எவ்வளவு சூட்டைத் தாங்கும்?

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின் வெந்நீரில் நன்றாக இறங்கும். மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கிட்டத்தட்ட கரையவே கரையாது. யூகலிப்டஸ் இலையில் இருக்கும் சினியோல் ஆவியோடு பறந்து வந்துவிடும். பூண்டில் அல்லிசின் என்ற பொருள் முழுப் பல்லில் இருப்பதே இல்லை. நசுக்கும்போது ஒரு நொதி வேலை செய்து அதை உண்டாக்குகிறது. நசுக்காமல் அப்படியே கொதிக்கவைத்தால் அந்த நொதி செத்துப்போய், அல்லிசின் உருவாக வழியே இல்லாமல் போகும். இந்த நான்குக்கும் ஒரே முறையைப் பரிந்துரைப்பவர் யாராக இருந்தாலும் அவர் ஏதோ இயந்திரம் விற்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

வீட்டில் கஷாயம் போட்டால் போதாதா?

பல மூலிகைகளுக்குப் போதும். தண்ணீரில் துவர்ப்பைத் தரும் டானின்கள், சர்க்கரை இணைந்த கிளைகோசைடுகள், கோந்து வகைகள், உப்புகள் எல்லாம் இறங்கும். தண்ணீர் மலிவானது, நஞ்சில்லாதது, கடைசியில் நீக்க வேண்டிய தேவையும் இல்லை. உணவாகவோ மருந்தாகவோ வாயில் போடும் பொருளுக்கு இதைவிடப் பாதுகாப்பான கரைப்பான் கிடையாது.

சித்த மருத்துவத்தில் சரக்கை ஒன்றிரண்டாக இடித்து, தண்ணீர் விட்டு நாலொன்றாகவோ எட்டொன்றாகவோ காய்ச்சச் சொல்வார்கள். இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் உண்டு. முழு வேராகப் போட்டால் தண்ணீர் உள்ளே புகாது. மாவாக அரைத்துப் போட்டால் கட்டிபிடிக்கும், வடிகட்டவும் முடியாது. ஒன்றிரண்டாக இடித்தால் இரண்டு சிக்கலும் இல்லை. ஆய்வுக்கூடத்திலும் இதே காரணத்துக்காகத்தான் கரடுமுரடான பொடியைப் பயன்படுத்துகிறோம்.

துளசி, ஓமம், ஏலக்காய் போல வாசனைச் சரக்கு இருந்தால் கட்டாயம் மூடி போடுங்கள். சமையலறை முழுக்க மணக்கிறது என்றால் மருந்து சமையலறைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். கஷாயம் முக்கால் பாகம் வற்றிய பிறகு கடைசியில் அவற்றைப் போட்டு, அடுப்பை அணைத்து, மூடி வைப்பது இன்னும் நல்லது.

பாத்திரமும் முக்கியம். கடுக்காய், நெல்லிக்காய் போன்ற துவர்ப்புச் சரக்கை இரும்புச் சட்டியில் கொதிக்கவிட்டால் டானினும் இரும்பும் சேர்ந்து மை போல் கறுத்துவிடும். மண்பானை அல்லது எவர்சில்வர் போதும்.

அப்புறம், காய்ச்சிய குடிநீரை வைத்திருந்து குடிக்கக் கூடாது. சித்த மருத்துவ முறை குடிநீருக்குக் கொடுக்கும் ஆயுள் மூன்று மணி நேரம்தான். சூரணத்துக்கு மூன்று மாதம். தண்ணீரும் சர்க்கரைப் பொருளும் சேர்ந்து இருக்கும் இடத்தில் கிருமி வளரும் என்பதால், இந்தக் கணக்கை இன்றைய நுண்ணுயிரியல் தெரிந்தவர்களும் மறுக்க மாட்டார்கள்.

அப்படியென்றால் மஞ்சள் தண்ணீரில் குர்குமின் வராதா?

மிகச் சிறிதளவே வரும். தண்ணீர் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பெரும்பகுதி கரையாமல் தூளாக மிதக்கிறது. கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் அடியில் படிந்துவிடும்.

மஞ்சளில் குர்குமினும் அதன் உறவினர்களும் சேர்ந்து எடையில் ஏறத்தாழ 2 முதல் 5 சதவீதம் வரை இருக்கும். இரகத்தையும் மண்ணையும் பொறுத்து இது மாறும். 1815இல் வோகல், பெல்லெட்டியே என்ற இருவர் மஞ்சளிலிருந்து நிறப்பொருளைப் பிரித்தார்கள். அவர்கள் எடுத்தது சுத்தமான பொருள் அல்ல, பிசினும் எண்ணெயும் கலந்த கலவை. அந்த மூலக்கூறின் அமைப்பு தெரிய 1910 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தொழிற்சாலையில் நடப்பது இதுதான்: காய்ந்த மஞ்சளைப் பொடித்து அசிட்டோன், எத்தனால், எதில் அசிடேட் போன்ற கரைப்பானில் ஊறவைப்பார்கள். கரைப்பானை ஆவியாக்கினால் ஓலியோரெசின் என்ற கெட்டியான குழம்பு மிஞ்சும். அதில் எண்ணெய், பிசின், குர்குமின் மூன்றும் இருக்கும். அதைக் குளிரவைத்துப் படிகமாக்கினால் குர்குமின் தூள் தனியே வரும். கடையில் 95 சதவீதம் என்று விற்கும் மாத்திரைகள் இப்படித்தான் உருவாகின்றன.

வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன வழி என்றால், நாம் சமையலில் எப்போதும் செய்வதுதான். எண்ணெயில் தாளிக்கும்போது மஞ்சள் தூளைச் சேர்ப்பதும், பாலில் போட்டுக் காய்ச்சுவதும் குர்குமினைக் கொழுப்போடு சேர்த்து உள்ளே அனுப்பும் வழிகள். மிளகு சேர்ப்பதற்கும் ஆதாரம் உண்டு. 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வில், மிளகின் பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் கிடைத்த குர்குமின் அளவு 2000 சதவீதம் கூடியது. இதை ஒரு நல்ல செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நம் சித்த மருத்துவத்தில் இந்த முறைகள் எல்லாம் முன்பே இருந்தனவா?

சில இருந்தன, சில இல்லை. இருந்ததை மதித்துச் சொல்ல மிகைப்படுத்தத் தேவையில்லை.

சாறு, குடிநீர், தீநீர், எண்ணெய், நெய், தேனூறல் என்று மருந்துகளை வகைப்படுத்தியிருப்பதைக் கரைப்பான் கண்ணோட்டத்தில் பார்த்தால் விளங்கும். சாறு என்றால் சூடே படாமல் பிழிவது. குடிநீர் என்றால் வெந்நீரில் இறங்குவது. தீநீர் என்றால் வாலையில் இட்டு ஆவியாக்கி வடிப்பது. ஓமத் தீநீரில் நாக்கைச் சுரீர் என்று தொடுவது தைமால். எண்ணெயும் நெய்யும் கொழுப்பில் கரைவதைப் பிடிப்பவை.

தைலம் காய்ச்சும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. மூலிகைச் சாறும் எண்ணெயும் சேர்ந்து கொதிக்கும்போது, சாற்றில் தண்ணீர் இருக்கும் வரை எண்ணெயின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் முழுக்க வற்றியதும் சூடு சட்டென்று ஏறும், மூலிகை கருக ஆரம்பிக்கும். மெழுகுப் பதம், கடுகுப் பதம், மணற் பதம் என்று கல்கத்தை, அதாவது எண்ணெயில் சேர்த்த மூலிகை விழுதை, விரலால் உருட்டிப் பார்ப்பது அந்தத் தருணத்தைப் பிடிக்கத்தான். தெர்மாமீட்டர் இல்லாத இடத்தில் ஈரப்பதத்தை விரலால் அளந்திருக்கிறார்கள்.

சீந்தில் சர்க்கரை இன்னொரு வகை. சீந்தில் கொடியை நசுக்கித் தண்ணீரில் கரைத்து, தெளிவை இறுத்து, அடியில் படிவதை மட்டும் பல முறை கழுவி உலர்த்துவார்கள். கிடைப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. கசப்புப் பொருள்கள் கழுவிய தண்ணீரோடு போய்விடும். ஆகவே சீந்தில் குடிநீரும் சீந்தில் சர்க்கரையும் ஒரே கொடியிலிருந்து வந்தாலும் வேதியியலில் இரண்டும் வெவ்வேறு பொருள்கள். ஒன்றுக்குக் கிடைத்த ஆய்வு முடிவை மற்றதற்குப் பொருத்தக் கூடாது.

ஆவி வடித்தல் எந்தெந்தச் செடிகளுக்குப் பொருந்தும்?

வாசனை எண்ணெய் உள்ளவற்றுக்கு. நீலகிரித் தைலம், எலுமிச்சைப்புல் எண்ணெய், வெட்டிவேர் எண்ணெய், சந்தன எண்ணெய் எல்லாம் இப்படி எடுப்பவை. நீலகிரித் தைலத்தின் சினியோல் தனியாகக் கொதிக்க 176 டிகிரி வேண்டும். ஆனால் நீராவியோடு சேரும்போது 100 டிகிரிக்குக் கீழேயே கிளம்பி வந்துவிடுகிறது. இரண்டின் ஆவி அழுத்தமும் கூடிக் காற்றழுத்தத்தை எட்டினால் போதும் என்பதுதான் காரணம். அதனால்தான் எண்ணெய் கருகாமல் கிடைக்கிறது.

இலை என்றால் வேலை சீக்கிரம் முடியும். வெட்டிவேருக்குப் பொறுமை வேண்டும். அதன் எண்ணெய் கனமான மூலக்கூறுகளால் ஆனது. வேரை ஊறவைத்து, ஒரு நாள் முழுக்கவும்கூட ஆவி விட வேண்டியிருக்கும். பாதியில் நிறுத்தினால் விலை மதிப்புள்ள பகுதியே உள்ளே தங்கிவிடும்.

எல்லா மணமும் ஆவியைத் தாங்காது. மல்லிகைப் பூவை ஆவியில் போட்டால் பூ வெந்த வாடைதான் வரும். அதனால் சத்தியமங்கலம், மதுரைப் பக்கத்துத் தொழிற்சாலைகள் பூவை ஹெக்சேனில் கழுவி, ஹெக்சேனை நீக்கி, மெழுகு போன்ற கான்க்ரீட் என்ற பொருளை எடுக்கின்றன. அதை எத்தனாலில் கரைத்து மெழுகைக் குளிரவைத்துப் பிரித்தால் அப்சல்யூட் கிடைக்கும். வாசனைத் திரவியத்துக்கு அதுதான் போகிறது.

சூடு உண்மையிலேயே அவ்வளவு கெடுக்குமா?

சில இடங்களில் மொத்த மருந்தையே கெடுக்கும். அதற்கு, சிங்ஹாவ் என்ற சீனச் செடியிலிருந்து வந்த மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினை விடச் சிறந்த சான்று இல்லை.

1967இல் சீனாவில் மலேரியாவுக்கு மருந்து தேடும் இரகசியத் திட்டம் ஒன்று தொடங்கியது. மே 23ஆம் தேதி ஆரம்பித்ததால் அதற்கு 523 என்று பெயர். பெய்ஜிங்கில் டூ யூயூ என்ற பெண் விஞ்ஞானியின் குழு பழைய மருத்துவ நூல்களிலிருந்து செடிகளைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தது. சிங்ஹாவ் ஒரு தடவை நல்ல பலன் காட்டியது, அடுத்த தடவை காட்டவில்லை. அப்போது அவர் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கோ ஹோங் எழுதிய ஒரு குறிப்பைத் திரும்பப் படித்தார். ஒரு கைப்பிடி சிங்ஹாவை இரண்டு படி அளவு தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை.

கொதிக்கவைப்பதுதான் மருந்தை அழிக்கிறதோ என்ற சந்தேகம் அவருக்கு அங்கே வந்தது. 35 டிகிரிக்குள் கொதித்துவிடும் ஈதரைக் கரைப்பானாக எடுத்துக்கொண்டார். 1971 அக்டோபர் 4ஆம் தேதி, 191ஆம் எண்ணிட்ட மாதிரி சோதனை விலங்குகளின் மலேரியா ஒட்டுண்ணியை முழுக்க ஒழித்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு செடி, ஒரு நோய், ஒரே குழு. மாறியது கரைப்பானும் சூடும் மட்டுமே.

இதற்கு ஒரு பின்குறிப்பு. ஆர்ட்டிமிசினின் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். அந்தச் செடியில் டீ போட்டுக் குடித்து மலேரியாவைக் குணப்படுத்தலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. டீயில் எவ்வளவு மருந்து இறங்கியது என்பது ஒவ்வொரு முறையும் மாறும். குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும்.

சூடு எப்போதும் எதிரி என்றும் நினைத்துவிட வேண்டாம். பச்சை இஞ்சியின் ஜிஞ்சரால் காயும்போதும் சூடாகும்போதும் ஷோகோலாக மாறுகிறது. அதன் காரம் இரு மடங்குக்கும் மேல். சுக்கு இஞ்சியைவிடச் சுள்ளென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எத்தனால் நல்லதா, மெத்தனால் நல்லதா? ஹெக்சேன் மருந்தில் மிஞ்சாதா?

ஆய்வுக்கூடத்தில் மெத்தனால் நன்றாக வேலை செய்யும், மலிவு, 65 டிகிரியில் பறந்துவிடும். ஆனால் அது கண்ணையும் உயிரையும் பறிக்கும் நஞ்சு. வாய்க்குள் போகும் எதையும் வீட்டிலோ சிறு பட்டறையிலோ மெத்தனாலில் எடுக்கக் கூடாது. கடையில் கிடைக்கும் தொழிற்சாலை ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கலாம் என்பதால் அதையும் தொடாதீர்கள்.

எத்தனாலும் தண்ணீரும் கலந்த கலவையே என் முதல் தேர்வு. 60, 70 சதவீத எத்தனால் தண்ணீரில் கரைவதையும் ஓரளவு இழுக்கும், பிசின் போன்றவற்றையும் இழுக்கும். நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் சிரமப்பட்டே கரையும். எத்தனால் கலந்தால் நிறைய வரும். சிக்கல் என்னவென்றால், தமிழ்நாட்டில் எத்தனால் வாங்கி வைக்க மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி வேண்டும்.

மிச்சத்தைப் பற்றி: ஐசிஹெச் என்ற பன்னாட்டு மருந்துத் தர அமைப்பு வரம்பு வைத்திருக்கிறது. ஹெக்சேன் 290 பிபிஎம், மெத்தனால் 3000, குளோரோஃபார்ம் 60, எத்தனாலும் அசிட்டோனும் 5000. பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒழுங்காக வெற்றிடத்தில் உலர்த்தி, கலவையைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபியில் சோதித்த சரக்கு இந்த வரம்புக்குள் இருக்கும். சோதனைச் சான்று கேட்டால் மழுப்பும் வியாபாரியிடம் வாங்காதீர்கள்.

சூப்பர்கிரிட்டிகல் கார்பன் டை ஆக்சைடு முறையை ஏன் எல்லோரும் புகழ்கிறார்கள்?

31 டிகிரி சூட்டுக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே கார்பன் டை ஆக்சைடு வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் நடுவில் நிற்கும். வாயுபோல் இடுக்குகளில் புகும், திரவம்போல் கரைக்கும். அழுத்தத்தைத் திறந்துவிட்டால் பறந்துவிடும், எச்சம் இருக்காது. சூடும் குறைவு. ஏலக்காய், இஞ்சி, மிளகு ஆகியவற்றின் மணம் செடியில் இருந்தபடியே வரும். காபியிலிருந்து காஃபினை நீக்கவும் இது பயன்படுகிறது.

புகழுக்குத் தகுதி உண்டு, ஆனால் எல்லைகளும் உண்டு. இது எண்ணெய்த் தன்மை உள்ளவற்றையே கரைக்கும். மஞ்சளை இதில் போட்டால் மணமுள்ள டர்மரோன் எண்ணெய் அருமையாக வரும், குர்குமினோ சக்கையிலேயே தங்கிவிடும். எத்தனால் கொஞ்சம் சேர்த்தால் நிலைமை சற்று மேம்படும். டானினுக்கும் கிளைகோசைடுக்கும் இந்த இயந்திரம் வீண். உயர் அழுத்தக் கலன் என்பதால் முதலீடும் பராமரிப்பும் அதிகம். கீழாநெல்லிப் பொடி விற்கும் சிறு நிறுவனத்துக்கு இது தேவையே இல்லை.

அல்ட்ராசவுண்ட், மைக்ரோவேவ் முறைகள்?

இரண்டும் கரைப்பானை மாற்றுவதில்லை, வேகத்தைக் கூட்டுகின்றன. 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி திரவத்தில் நுண்குமிழிகளை உண்டாக்கி வெடிக்கவைக்கும், செல் சுவர் கிழியும். மைக்ரோவேவ் செல்லுக்குள் இருக்கும் ஈரத்தைச் சூடாக்கி உள்ளிருந்து பிளக்கும். மணிக்கணக்கில் ஆவது நிமிடங்களில் முடியலாம். ஈதர், ஹெக்சேன் போன்ற தீப்பிடிக்கும் கரைப்பானைச் சமையலறை மைக்ரோவேவில் வைப்பது தற்கொலைக்குச் சமம்.

கல்லூரிப் புராஜெக்டுக்குச் சாக்ஸ்லெட் போதுமா? முறைகளை எப்படி ஒப்பிடுவது?

சாக்ஸ்லெட் கருவி 1879இல் பாலின் கொழுப்பை அளக்க உருவானது. சரக்கின் மேல் புதுக் கரைப்பான் திரும்பத் திரும்ப விழுவதால் கடைசித் துளிவரை எடுத்துவிடும். ஆனால் எடுத்த பொருள் கீழே குடுவையில் மணிக்கணக்கில் கொதித்துக்கொண்டே இருக்கும். சூடு தாங்காத பொருளுக்கு வேண்டாம். அதற்கு ஊறல் முறையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

மாணவர்கள் செய்யும் பெரிய குழப்பம் மகசூல் விஷயத்தில். தண்ணீரில் எடுத்தால் 100 கிராமுக்கு 20 கிராம், எத்தனாலில் 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். உடனே தண்ணீரே சிறந்தது என்று முடிவு எழுதிவிடுகிறார்கள். அந்த 20 கிராமில் சர்க்கரையும் உப்பும் கோந்துமே 18 கிராம் இருக்கலாம். ஹெச்பிஎல்சி என்ற உயர்திறன் திரவ குரோமட்டோகிராஃபியில் குறிப்பொருளை, அதாவது நமக்கு வேண்டிய அந்தக் குறிப்பிட்ட பொருளை, அளந்து, 100 கிராம் செடிக்கு அது எத்தனை மில்லிகிராம் வந்தது என்று எழுதினால்தான் ஒப்பீடு. ஹெச்பிஎல்சி வசதி இல்லை என்றால் மெல்லேட்டு குரோமட்டோகிராஃபியாவது செய்யுங்கள். துகள் அளவு, கரைப்பான் அளவு, நேரம், சூடு நான்கையும் ஒன்றாக மாற்றினால் எதனால் வித்தியாசம் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

டப்பாவில் "10:1 எக்ஸ்ட்ராக்ட்" என்று போட்டிருக்கிறதே?

பத்துக் கிலோ செடியிலிருந்து ஒரு கிலோ எடுத்தார்கள் என்று பொருள். எந்தக் கரைப்பான், குறிப்பொருள் எத்தனை சதவீதம், நிரப்பியாக மால்டோடெக்ஸ்ட்ரின் எவ்வளவு என்பதெல்லாம் அதில் தெரியாது. சதவீதம் போட்டிருப்பதை நம்பலாம், விகிதத்தை மட்டும் போட்டிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முறை சரியாக இருந்தும் பலன் வரவில்லை. ஏன்?

செடியைப் பாருங்கள். சந்தையில் கீழாநெல்லி என்று வருவதில் அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு செடிகளும் கலந்திருக்கும். இலைக்குக் கீழே காய்கள் வரிசையாக இருப்பதால் பல இனங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும், உள்ளிருக்கும் பொருள் ஒன்றல்ல. பறித்த பருவம், நிழலில் உலர்த்தியதா, மூட்டையில் எத்தனை மாதம் கிடந்தது, பூசணம் பிடித்ததா என்பதையும் கேளுங்கள். கெட்ட சரக்கை எந்த இயந்திரமும் நல்லதாக்காது.

செறிவாக எடுத்தால் பலன் கூடும்தானே?

ஆபத்தும் கூடும். சமையலில் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாப்பாக இருந்த மஞ்சள், செறிவூட்டிய மாத்திரையாகவும் பைப்பரின் சேர்த்தும் வந்த பிறகு கல்லீரல் பாதிப்பு நேர்ந்த நோயாளிகள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். மேலே சொன்ன 2000 சதவீதத்தின் மறுபக்கம் இது. பச்சைத் தேயிலைச் சாரத்தைப் பற்றி 2018இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் எச்சரித்தது: இஜிசிஜி என்ற அதன் முக்கியப் பொருளை நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ மாத்திரையாக எடுத்தால் கல்லீரலுக்குக் கவலை என்று. டீயாகக் குடித்தவர்களுக்குப் பொதுவாக இந்தக் கவலை இல்லை.

வீட்டில் எதைக் கண்டிப்பாகச் செய்யக் கூடாது?

செங்காந்தள், அரளி, ஊமத்தை, எட்டி, நித்தியகல்யாணி. இவற்றைச் சாறாகவோ கஷாயமாகவோ எடுத்து வாயில் வைக்கவே கூடாது.

செங்காந்தள் விதை மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பணப்பயிர். அதிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் கீல்வாதத்துக்கு மில்லிகிராம் அளவில் கொடுக்கும் மருந்து. மருந்துக்கும் உயிர்க்கொல்லிக்கும் இடைவெளி மிகக் குறுகியது, காய்ச்சினாலும் நஞ்சு போகாது. கிழங்கைத் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு.

நித்தியகல்யாணியிலிருந்து இரத்தப் புற்றுநோய் மருந்துகள் வருகின்றன என்று கேள்விப்பட்டு இலையை அவித்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தச் செடியிலிருந்து வரும் புற்றுநோய் மருந்துகளில் ஒன்றான வின்பிளாஸ்டின் ஒரு கிராம் கிடைக்க ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். இது போன்ற காரத்தன்மையுள்ள செடிப்பொருள்களான ஆல்கலாய்டுகளை அமிலத் தண்ணீரில் உப்பாக இறக்கி, பிறகு காரமாக்கிக் கரிமக் கரைப்பானுக்கு மாற்றி, அதற்குப் பின்னும் பல கட்டங்களில் பிரிக்கிறார்கள். அதை நரம்பு வழியாக அளந்து ஏற்றுகிறார்கள். கஷாயத்தில் இறங்குவது அந்த மருந்தின் தூசும் மற்ற டஜன் கணக்கான ஆல்கலாய்டுகளும்தான்.

நான் எடுத்த சாரத்தை விற்கலாமா?

மருந்து என்று சொல்லி விற்பதானால் 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்படி சித்த, ஆயுர்வேத மருந்து உற்பத்திக்கான உரிமம் வேண்டும். உற்பத்தி இடத்துக்கு அட்டவணை டி (Schedule T) விதிகள் பொருந்தும். தமிழ்நாட்டில் இந்திய மருத்துவத் துறை இருப்பது சென்னை அரும்பாக்கத்தில். உணவுப் பொருளாகவோ சத்து மாத்திரையாகவோ விற்பதானால் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிமம் வேண்டும், அப்போது நோயைக் குணமாக்கும் என்று லேபிளில் எழுத முடியாது. இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்த இரண்டில் எந்த வழி என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். எந்தக் கரைப்பானைப் பயன்படுத்தலாம், எந்தச் சோதனைகளுக்குச் செலவழிக்க வேண்டும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தே மாறும்.